வெற்றிலைப் பையில் கலை கண்டவர்!

குழந்தைகளே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வெற்றிலை போடும் பாட்டி யாராவது இருக்கிறாரா? இருந்தால் அவர் இடுப்பைக் கவனித்திருப்பீர்கள். சின்னதாக ஒரு சுருக்குப்பை செருகியிருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, சில்லறைக் காசு, சில சமயம் பேரப்பிள்ளைக்காக ஒளித்து வைத்த மிட்டாய்... எல்லாம் அதற்குள்தான்!

அந்தப் பையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, விளக்குப் போட்டு, "டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பாருங்கள்" என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்? விழுந்து விழுந்து சிரிப்பீர்கள், இல்லையா?

ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சிரிக்கவில்லை. வெற்றிலைப் பை ஒன்றில் போட்டிருந்த பூத்தையலைப் பார்த்து அசந்து போனார். கோவில் சிற்பத்துக்கும் அரண்மனை ஓவியத்துக்கும் என்ன மரியாதை உண்டோ, அதே மரியாதை இதற்கும் உண்டு என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். வேடிக்கை என்ன தெரியுமா? அவர் அங்கே போனது பையைப் பார்க்க அல்ல, பாறையைப் பார்க்க!

அவர்தான் ஆனந்த குமாரசுவாமி.

1877 ஆகஸ்ட் 22-ல் கொழும்பு நகரில் பிறந்தார் ஆனந்தா. தந்தை சர் முத்து குமாரசுவாமி, புகழ்பெற்ற இலங்கைத் தமிழர். இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆனவர். இலங்கைச் சட்டசபை உறுப்பினர். நமக்கெல்லாம் தெரிந்த அரிச்சந்திரன் நாடகத்தை 1863-லேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். இலங்கையின் பெரிய தலைவர்களான பொன்னம்பலம் ராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் சகோதரர்களுக்கு இவர் தாய்மாமன். அம்மா எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். அதனால்தான் பிள்ளைக்கு ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இரண்டு நாடு!

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா இங்கிலாந்து போனார். தந்தை பின்னால் கப்பலேறி வந்து சேருவதாக ஏற்பாடு. அவர் வரவே இல்லை. 1879 மே மாதம் கொழும்பிலேயே இறந்துவிட்டார். அப்போது ஆனந்தாவுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. அதன்பின் தாயும் மகனும் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்கள்.

தந்தையின் முகம்கூட நினைவில் இல்லாமல், தந்தையின் ஊரை விட்டு ஐயாயிரம் மைலுக்கு அப்பால் வளர்ந்த பிள்ளை அவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் செய்ததெல்லாம் ஏன் என்று புரியும்.

வைக்ளிஃப் என்ற உறைவிடப் பள்ளியில் படித்தார். அங்கேதான் அவருக்குக் கல் மீது ஆசை வந்தது. கல் என்றால் எறிகிற கல் இல்லை. இந்தப் பாறை எப்படி உண்டாயிற்று, இதற்குள் என்ன தாது இருக்கிறது என்று ஆராய்கிற நிலவியல். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் படித்து 1900-ல் பட்டம் பெற்றார். இருபத்தைந்து வயதில், இலங்கையின் கனிம வளங்களைக் கணக்கெடுக்கும் பெரிய வேலை அவருக்குக் கிடைத்தது. அந்த ஆய்வுத் துறைக்கு அவர்தான் இயக்குநர்.

வேலையில் கெட்டிக்காரர். இலங்கையில் ரத்தினக் கல் தோண்டும் சரளை மண்ணில் கிடைத்த கறுப்பு நிறப் படிகங்களை அவர் கவனித்தார். சின்னச் சின்னக் கனசதுரங்கள், ஆனால் கனமோ கனம். அது அதுவரை அறிவியலுக்குத் தெரியாத கனிமம். 1904-ல் அதற்குத் தோரியனைட் என்று பெயரிட்டார்கள். கதிரியக்கம் உள்ள பொருள் அது. மேரி கியூரி அம்மையார் கதிரியக்கத்தை ஆராய்ந்து நோபல் பரிசு வாங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. உலகமே கதிரியக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம். நம் ஆள் அப்படியே தொடர்ந்திருந்தால் பெரிய விஞ்ஞானி ஆகியிருப்பார், சந்தேகமே இல்லை.

அவரைத் திசை திருப்பியது ஊசியும் நூலும்தான்.

அந்தக் கதைக்குப் போகும் முன் இங்கிலாந்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம். 1902-ல் ஆனந்தா எதெல் பார்ட்ரிட்ஜ் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். எதெலின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் நகை செய்யும் கலைஞர். கையால் மட்டுமே பொருள்கள் செய்வோம் என்று ஒரு கூட்டமாகச் சேர்ந்து வேலை செய்த கைவினைஞர் சங்கத்தில் இருந்தார். அதை நடத்தியவர் ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர். இப்படிப்பட்ட சங்கங்கள் அப்போது இங்கிலாந்தில் பல இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துக் கலை - கைவினை இயக்கம் என்பார்கள்.

ஏன் அப்படி ஓர் இயக்கம்? அப்போது இங்கிலாந்து முழுக்க ஆலைப் புகை. நாற்காலி, துணி, கிண்ணம், பொத்தான் எல்லாமே இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. விலை மலிவு. ஆனால் பார்க்கச் சகிக்காது. அதைச் செய்த தொழிலாளிக்கும் சந்தோஷம் இல்லை. நாள் முழுக்க ஒரே விசையை இழுத்துக்கொண்டிருப்பவனுக்கு என்ன சந்தோஷம்? இதை எதிர்த்துக் கிளம்பினார் வில்லியம் மாரிஸ் என்ற கவிஞர். கவிஞர் என்றாலும் சும்மா எழுதிக்கொண்டிருக்கவில்லை. தானே சாயம் காய்ச்சினார். தானே தறியில் உட்கார்ந்தார். பழைய எம்பிராய்டரித் துணியைக் கொண்டுவந்து, தையலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, ஊசி எப்படிப் போய் வந்திருக்கிறது என்று கற்றுக்கொண்டார். மீசை தாடியோடு பெரிய மனிதர் ஒருவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்!

அவர் மகள் மே மாரிஸ், 1885-ல், தன் 23-ம் வயதில் அப்பாவின் கம்பெனியில் எம்பிராய்டரிப் பிரிவு முழுவதற்கும் பொறுப்பேற்றார். கலைஞர்களுக்கான பெரிய சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. அதனால் 1907-ல் பெண் கலைஞர்களுக்கென்றே தனிச் சங்கம் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அவர்.

ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரில் இன்னொரு பெண்மணி இருந்தார். பெயர் ஃபீபி டிராக்வேர். கணவர் பழங்கால மீன்களின் எலும்புப் படிமங்களை ஆராய்பவர். மனைவி அந்த மீன்களை வரைந்து கொடுப்பார். அதோடு, நான்கு பெரிய துணிகளில் ஏறத்தாழ ஆறடி உயரத்துக்குப் பட்டு நூலாலும் தங்க நூலாலும் ஒரு கதையைத் தைத்தார். 1893-ல் ஆரம்பித்து 1902-ல்தான் முடிந்தது. மனித உயிர் உலகத்துக்கு வருகிறது, அல்லாடுகிறது, நொந்து விழுகிறது, கடைசியில் மீள்கிறது. இதுதான் கதை. ஓர் எழுத்துகூடக் கிடையாது. உயிர் என்பதற்கு ஓர் இளைஞன், துன்பத்துக்குப் பாம்பு, மீட்சிக்குச் சிவப்புச் சிறகுள்ள தேவதை என்று எல்லாமே சின்னங்கள். இன்று அந்தத் துணிகள் எடின்பரோவில் தேசிய ஓவியச் சேகரிப்பில் இருக்கின்றன.

ஓவியன் தூரிகையால் செய்வதை ஊசியாலும் செய்யலாம் என்று இவர்களெல்லாம் காட்டினார்கள். ஆனாலும் சில பேர் ஒப்புக்கொள்ளவில்லை. ஓவியம் என்றால் கலையாம், தையல் என்றால் வீட்டு வேலையாம்! இந்தச் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்த வீட்டிலிருந்துதான் எதெல் வந்தார். எதெலுக்கு நெசவும் தையலும் உயிர். கணவருக்குக் கல் உயிர்.

1903-ல் இருவரும் இலங்கையில் வேலையைத் தொடங்கினார்கள். கண்டி மலைப்பகுதி. கார் கிடையாது, நல்ல ரோடு கிடையாது. கணவர் பாறையை உடைத்துப் பார்ப்பார். கிராமம் வந்தால் இருவரும் இறங்கி வீடு வீடாகப் பார்ப்பார்கள். குயவர், தச்சர், கொல்லர், பாய் பின்னுகிறவர், தந்தத்தில் செதுக்குகிறவர், கோவில் சுவரில் சித்திரம் எழுதுகிறவர் எல்லோரிடமும் உட்கார்ந்து பேசினார்கள். எதெல் படம் பிடித்தார், குறிப்பு எழுதினார். அப்படித்தான் வெற்றிலைப் பை அவர்கள் கையில் கிடைத்தது.

கண்டி நாட்டில் வெற்றிலைப் பை சாதாரணப் பொருள் அல்ல. பெரிய மனிதர்கள் எங்கே போனாலும் வேலையாள் ஒருவர் அவர்களுடைய வெற்றிலைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். பையைப் பார்த்தாலே ஆளின் தகுதி தெரிந்துவிடும். உள்ளூரிலேயே விளைந்த பருத்தி, கையால் நூற்ற நூல், கையால் நெய்த துணி. பெரும்பாலும் கருநீலத் துணி. அதன்மேல் சிவப்பு, வெள்ளை நூலில் பூத்தையல். நம் அம்மாக்கள் ரவிக்கையில் போடுகிறார்களே சங்கிலித் தையல், அதுபோல வளையத்துக்குள் வளையமாகப் போகும் தையல்தான் அதிலும் முக்கியம்.

என்ன தைத்தார்கள்? நடுவில் தாமரை. அதைச் சுற்றிக் கொடி. கொடிக்கு நடுவே அன்னம். சில இடங்களில் இரண்டு அன்னங்கள் கழுத்தோடு கழுத்து பின்னிக்கொண்டு நிற்கும். பூவுக்குப் பதில் பெண் உருவம் மலர்ந்திருக்கும் ஒரு கொடியும் உண்டு. அதை நாரிலதா என்பார்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. அன்னப் பறவை என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? பாலையும் தண்ணீரையும் கலந்து வைத்தால் பாலை மட்டும் பிரித்துக் குடிக்கும் என்று படித்திருக்கிறீர்கள், சரிதானே? அப்படியானால் பையில் இருப்பது வெறும் பறவை இல்லை. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிகிற அறிவு! தாமரை சேற்றில் முளைத்தும் சேறு ஒட்டாத பூ. இதெல்லாம் தைத்தவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். நமக்கு 'அ' என்ற கோட்டைப் பார்த்ததும் ஒலி தெரிகிற மாதிரி, அவர்களுக்கு அந்தக் கோடுகளைப் பார்த்ததும் பொருள் தெரிந்தது.

இதுதான் ஆனந்தாவை உலுக்கியது. அழகுக்காகப் போட்ட டிசைன் என்று நினைத்தது, படிக்க வேண்டிய எழுத்தாக இருக்கிறதே! படிப்பறிவில்லாதவர் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் ஒதுக்கிய பெண்கள், துணியில் எழுதிக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்கள்! பழைய சிங்களப் பூத்தையலைப் பற்றி எதெல் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்.

ஆனால் அவர்கள் பார்த்த பைகளில் பலவும் பழசு. புதிதாகத் தைக்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். காரணம் இருந்தது. 1815-ல் கண்டி ராஜ்ஜியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அதோடு கைவினைஞர்களை ஆதரித்த அரண்மனையும் போயிற்று. அப்புறம் கப்பல் கப்பலாக ஆலைத் துணி வந்தது. வேர், பட்டை, இலையிலிருந்து சாயம் எடுத்த இடத்தில், டப்பாவில் அடைத்த ரசாயனச் சாயம் வந்தது. கையால் நூற்று, நெய்து, மாதக்கணக்கில் தைத்த பை எங்கே, கடையில் கிடைக்கும் மலிவுத் துணி எங்கே? போட்டி போட முடியுமா?

1905-ல் ஆனந்தா கண்டிப் பகுதித் தலைவர்களுக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். உங்கள் பழைய கட்டடங்களையும் பரம்பரைக் கைவினைஞர்களையும் கைவிடாதீர்கள், அவர்களுக்கு வேலை கொடுங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார். ஐரோப்பியரைக் கண்மூடித்தனமாகக் காப்பியடிப்பதை எதிர்த்து ஒரு சங்கமும் தொடங்கினார். அரசாங்கச் சம்பளம் வாங்கும் அதிகாரி இப்படியெல்லாம் பேசுவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை.

இதெல்லாம் எங்கோ கண்டியில் நடந்த கதை என்று நினைக்காதீர்கள். நம் தர்மபுரி மாவட்டத்திலேயே, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே இருக்கிறதே சிட்லிங்கி பள்ளத்தாக்கு, அங்கே இதே கதை நடந்திருக்கிறது. அங்குள்ள லம்பாடி மக்களின் முன்னோர் மாட்டின் மேல் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்தவர்கள். அவர்களுடைய பெண்கள் பாவாடையிலும் ரவிக்கையிலும் கண்ணாடிச் சில்லு, சோழி, காசு வைத்து, வண்ண நூலில் நெருக்கமாகத் தைத்த பூவேலை உலகப் புகழ் பெற்றது. சாதாரணப் புடவைக்கு மாறியதும் தையலும் நின்றுபோயிற்று. அம்மாவுக்குத் தெரிந்தது மகளுக்குத் தெரியவில்லை. கடைசியில் வயதான பெண்கள் சிலருக்கு மட்டும்தான் நினைவிருந்தது.

1993-ல் அங்கே மருத்துவமனை தொடங்கிய டாக்டர்கள் ரெஜி, லலிதா தம்பதியின் முயற்சியால், அந்த மூத்த பெண்களிடம் இளம்பெண்கள் உட்கார்ந்து மறுபடி கற்றுக்கொண்டார்கள். இப்போது அவர்கள் நடத்தும் அமைப்புக்குப் போர்கை என்று பெயர். லம்பாடி மொழியில் பெருமை என்று அர்த்தம். கூடையில் விதை தீர்ந்துபோவதற்குள் யாரோ ஒரு பிடி எடுத்து விதைத்துவிட்டார்கள்.

கண்டியில் ஆனந்தா அந்த ஒரு பிடியைப் புத்தகமாக எடுத்து வைத்தார்.

1906-ல் அவருக்கு லண்டன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. கல் ஆராய்ச்சிக்காகத்தான்! அந்தச் சமயம் பார்த்து அவர் கல்லை விட்டுவிட்டார். இங்கிலாந்துக்குத் திரும்பி, பிராட் கேம்டன் என்ற கிராமத்தில், ஆஷ்பி பழுது பார்த்துக் கொடுத்த பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் குடியேறினார். அங்கே ஓர் அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டார். எந்த அச்சு இயந்திரம் தெரியுமா? வில்லியம் மாரிஸ் தன் அழகான புத்தகங்களை அச்சிட்ட அதே இயந்திரம்! மாரிஸ் 1896-ல் இறந்தபின் அது ஆஷ்பியின் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து ஆனந்தாவிடம் வந்தது.

கையால் இயக்கும் இயந்திரம் அது. ஒவ்வொரு தாளாக வைத்து, மை தடவி, அழுத்தி எடுக்க வேண்டும். 1907 செப்டம்பரில் ஆரம்பித்த வேலை 1908 டிசம்பரில் முடிந்தது. பதினைந்து மாதம்! மொத்தம் 425 பிரதிகள். இடைக்காலச் சிங்களக் கலை என்பது புத்தகத்தின் பெயர். கைவினையைப் பற்றிய புத்தகத்தை ஆலையில் அச்சடித்தால் நன்றாகவா இருக்கும் என்று நினைத்திருப்பார் போலும்.

அதில் கோவில் கட்டடக் கலை இருக்கிறது. சிற்பம், ஓவியம், தந்த வேலை இருக்கிறது. கூடவே, அதே மதிப்போடு, மண்பானையும் பாயும் நெசவும் எம்பிராய்டரியும் இருக்கின்றன. ஓவியத்துக்கு முன் பெஞ்ச், தையலுக்குக் கடைசி பெஞ்ச் என்றெல்லாம் அவர் பிரிக்கவில்லை. இலங்கைக் கைவினைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

பிறகு இந்தியா. கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தினரோடு பழகினார். ஊர் ஊராகச் சுற்றினார். குப்பை என்று மூலையில் கிடந்த பழைய ராஜபுத்திர ஓவியங்கள், வெண்கலச் சிலைகள், துணிகள் என்று சேகரித்தார். அப்போது நாடெங்கும் சுதேசி இயக்கம். வெளிநாட்டுத் துணியைக் கொளுத்தினார்கள். இவர் எல்லோரும் சேர்ந்து கைதட்டிய இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டார். மான்செஸ்டர் ஆலைத் துணியை விட்டுவிட்டுப் பம்பாய் ஆலைத் துணியை வாங்கினால் போதுமா? நம் ஊர் நெசவாளி, சாயக்காரர், தையல் தைப்பவர் எல்லோரும் பட்டினி கிடந்தால் அது என்ன சுதேசி? இந்தக் கருத்துகளை அவர் எழுதிய நூல் சென்னையில்தான் வெளியாயிற்று.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பழைய காலம் என்றாலே எல்லாம் பொற்காலம் என்பதுபோல அவர் எழுதுவார். குயவர் மகன் குயவராகவே இருக்க வேண்டும், தச்சர் மகளுக்குப் படிப்பு வேண்டாம் என்றிருந்த காலமும் அதுதானே? ஜாதிக் கட்டுப்பாட்டில் எத்தனை பேர் மூச்சுத் திணறினார்கள் என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. பெரியவர்கள் சொன்னது என்பதற்காக இதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

தான் சேர்த்த பொருள்களையெல்லாம் என்ன செய்வது? இந்தியாவுக்கே கொடுத்துவிட ஆசைப்பட்டார். காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் கட்டினால் என் சேகரிப்பு முழுவதையும் தருகிறேன் என்றார். பணம் திரளவில்லை. கட்டடம் எழவில்லை.

இதற்குள் முதல் உலகப் போர் வந்துவிட்டது. அடிமை நாட்டு மக்கள் ஆள்கிறவனுக்காக ஏன் துப்பாக்கி தூக்க வேண்டும் என்று கேட்டவர் ஆனந்தா. ராணுவத்தில் சேர மறுத்தார். பிரிட்டிஷ் அரசுக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. 1917-ல் அமெரிக்கா போனார். பாஸ்டன் நகரக் கலை அருங்காட்சியகத்துக்காக, டென்மன் ராஸ் என்ற செல்வந்தர் அந்தச் சேகரிப்பை வாங்கிக் கொடுத்தார். காசியில் இருந்திருக்க வேண்டியவை பாஸ்டனில் குடியேறின. நம் ஊர் ஓவியத்தைப் பார்க்க நாம் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. அருங்காட்சியகம் அவற்றோடு ஆனந்தாவையும் சேர்த்து அழைத்துக்கொண்டது. இந்தியக் கலைப் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர் ஆனார்.

அங்கே முப்பது ஆண்டுகள். கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதம், பாலி என்று மூல மொழிகளிலேயே நூல்களைப் படித்தார். நம் சிதம்பரம் நடராஜரின் தூக்கிய திருவடிக்கும் கையிலுள்ள உடுக்கைக்கும் தீக்கும் என்ன பொருள் என்று மேல்நாட்டாருக்கு விளக்கிய சிவ நடனம் என்ற நூல் 1918-ல் வந்தது. வெற்றிலைப் பையில் தொடங்கிய கேள்விதான் அதிலும். இந்தச் சின்னம் என்ன சொல்கிறது? 1935-ல் வந்த நூலில் மரம், சக்கரம், தாமரை மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, என்ன பொருள் என்று பக்கம் பக்கமாக ஆராய்ந்தார். கண்டியில் பெயர் தெரியாத யாரோ ஒரு பெண் சிவப்பு நூலில் தைத்த தாமரை எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது பாருங்கள்!

அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அருங்காட்சியகங்களையும் அவர் விமர்சித்தார் என்பது இன்னும் வேடிக்கை. பையைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது, அதைத் தைத்தவர்கள் இல்லாமல் போய்விட்டார்கள் என்பதற்கு அடையாளம் என்று நினைத்தார். பை இருக்க வேண்டிய இடம் இடுப்பு. பானை இருக்க வேண்டிய இடம் அடுப்பு. கலை என்பது தனியாக மாட்டி வைத்துப் பார்க்கிற பொருள் அல்ல, ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படிச் செய்வது என்பது அவர் கட்சி. அதனால் நல்ல பாய் பின்னுகிறவரும் அவருக்குக் கலைஞர்தான்.

எதெல் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். எதெல் துவண்டு போகவில்லை. செடி கொடிகளிலிருந்து சாயம் எடுப்பது பற்றி 1916-ல் புத்தகம் எழுதினார். டிச்லிங் என்ற ஊரில் தறி போட்டார். மறுமணத்துக்குப் பின் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் கைநெசவுக்கே தாய் மாதிரி ஆனார். பல நாடுகளிலிருந்து மாணவிகள் தேடி வந்து அவரிடம் கற்றுக்கொண்டார்கள். 1952 வரை வாழ்ந்தார்.

1947. ஆகஸ்ட் 15-ல் இந்தியா சுதந்திரம் அடைந்தது. அடுத்த வாரம், ஆகஸ்ட் 22-ல் ஆனந்தாவுக்கு எழுபது வயது நிறைந்தது. நண்பர்கள் விருந்து வைத்தார்கள். அங்கே அவர் தன் திட்டத்தைச் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சுதந்திர இந்தியாவுக்கு வந்து, இமயமலை அடிவாரத்தில் தங்கிவிடப் போவதாகச் சொன்னார்.

பதினெட்டே நாள். செப்டம்பர் 9-ம் தேதி, நீடம் என்ற ஊரில் தன் வீட்டிலேயே காலமானார். இமயமலைப் பயணம் நடக்கவில்லை.

கொழும்பில் கிரீன் பாத் என்று ஒரு சாலை இருந்தது. தேசிய கலைக்கூடம் இருக்கும் சாலை அது. இன்று அதற்கு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர். கண்டி நாட்டு வெற்றிலைப் பைகள் சில லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இடுப்பில் அல்ல!